மலைநாட்டுக்கு விரைந்தவர்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் 31-ஆம் நாள் கத்தோலிக்கத் திருச்சபை ஒரு சிறிய விழாவைக் கொண்டாடுகிறது. மரியா தன் உறவினரான எலிசபெத்தைச் சந்தித்ததை நினைவுகூரும் விழா அது. கிறிஸ்து பிறப்பு விழாவின் ஆரவாரமோ, வேளாங்கண்ணித் திருவிழாவின் மக்கள் வெள்ளமோ அதற்கு இல்லை. நெடுங்காலம் ஜூலை 2-ஆம் நாள் கொண்டாடப்பட்டு வந்த இவ்விழா, 1969-இல் செய்யப்பட்ட நாள்காட்டித் திருத்தத்தின்போதுதான் மே மாத இறுதிக்கு மாற்றப்பட்டது.

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆம்பூரில் பிறந்து, இப்பகுதிப் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என்னுடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் அழைத்ததன்பேரில் சில ஆண்டுகளுக்கு முன் அந்நாளில் ஆலயத்துக்குச் சென்றிருந்தேன். நண்பரின் மருமகள் அப்போது நிறைமாதமாக இருந்தார். அவருக்கு நல்லபடியாகப் பேறுகாலம் முடிய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவே குடும்பத்தார் திரண்டிருந்தனர். பின்வரிசையில் அமர்ந்து, அன்று வாசிக்கப்பட்ட மறைநூல் பகுதிகளைக் கேட்டேன்.

அவ்விழாவுக்கென விதிக்கப்பட்ட வாசகங்கள் எளியவை. முதல் வாசகத்துக்கு இரண்டு பகுதிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒன்று, செப்பனியா இறைவாக்கினரின் நூலில் வருவது. அஞ்சி நிற்கும் ஒரு நகரத்தை நோக்கி, உன் கைகள் தளர வேண்டாம், இறைவன் உன் நடுவிலேயே இருக்கிறார் என்னும் பொருள்படப் பேசுவது. மற்றொன்று, பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் உள்ளது. பிறர் மகிழ்ச்சியிலும் அழுகையிலும் பங்குகொள்வதையும், விருந்தோம்பலையும், தாழ்ந்தோருடன் தயங்காமல் பழகுவதையும் வலியுறுத்துவது. மூன்று பெரும் வாழ்வியல் நெறிகளை ஒரே மூச்சில் சொல்லிவிடும் பகுதி அது.

நற்செய்தி வாசகம் லூக்காவினுடையது. கருவுற்றிருக்கும் செய்தியை அப்போதுதான் அறிந்த ஓர் இளம்பெண், தன் உறவினரான முதிய பெண் ஒருவர் ஆறு மாதக் கர்ப்பிணியாக இருப்பதையும் அறிகிறாள். உடனே யூதேயாவின் மலைநாட்டுக்கு விரைந்து செல்கிறாள். வாசலில் நின்று வாழ்த்துகிறாள். முதியவளின் வயிற்றில் குழந்தை துள்ளுகிறது. இளையவள் எளியோரை உயர்த்தும் இறைவனைப் புகழ்ந்து பாடுகிறாள். ஏறத்தாழ மூன்று மாதங்கள் அங்கே தங்கிவிட்டு வீடு திரும்புகிறாள். இவ்வளவுதான் நிகழ்ச்சி.

வானதூதர் வந்து நின்ற காட்சியை ஓவியர்கள் ஆயிரமாயிரமாகத் தீட்டியிருக்கிறார்கள். எனக்கோ அன்று இந்த இரண்டாவது காட்சியே மனத்தில் பதிந்தது. ஒரு கர்ப்பிணியின் வீட்டு வாசலுக்கு மற்றொரு பெண் வந்து சேர்கிறாள். அவ்வீட்டின் தலைவரான செக்கரியாவோ அச்சமயத்தில் வாய் பேச இயலாதவராக இருக்கிறார் என்று லூக்கா முன்னரே சொல்லிவிடுகிறார். எனவே, அந்த வீட்டில் அன்று கேட்ட குரல்கள் பெண்களின் குரல்களே.

ஆலயத்தில் அமர்ந்திருந்த எனக்கு வேறொரு வாசல் நினைவுக்கு வந்தது. திண்டிவனத்தில் ஓர் அமெரிக்க மருத்துவரின் வீட்டு வாசல் அது. அங்கே பேசியவர்கள் ஆண்கள். பேச்சற்றுக் கிடந்தவர்கள் பெண்கள். அவ்வாசலில் நின்றிருந்த இளம்பெண்ணின் பெயர் ஐடா சோபியா ஸ்கடர்.

ஐடா 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தவர். இன்று தோல் தொழிற்சாலைகளின் ஊராக அறியப்படும் அதே இராணிப்பேட்டைதான். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர், 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டு, யாழ்ப்பாணப் பகுதியிலும் பின்னர் சென்னையிலும் பணியாற்றிய மருத்துவ மிஷனரி. அவருடைய மைந்தர்களே ஆர்க்காட்டு மிஷனைத் தோற்றுவித்தவர்கள். ஐடாவின் தந்தையும் மருத்துவர். சிறுமியாக இருந்தபோது, 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை ஐடா கண்ணால் கண்டார். எலும்பும் தோலுமான குழந்தைகள் அவர் வீட்டு வாசலிலும் வந்து நின்றனர். பஞ்சத்துக்குப் பின் குடும்பம் அமெரிக்கா சென்றது. தந்தை மீண்டும் இந்தியாவுக்குத் திரும்பினார்; தாயும் பின்னர் அவரைத் தொடர்ந்தார். பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த அந்தச் சிறுமிக்கு இந்தியா என்றாலே பஞ்சமும் பிரிவும்தான். மூன்று தலைமுறையாகக் குடும்பத்தார் செய்துவந்த தொண்டைத் தானும் ஏற்பதில்லை என்ற உறுதி அவரிடம் இருந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்ஃபீல்டு பள்ளியில் படிப்பை முடித்த நிலையில், தாயின் உடல்நலக்குறைவு அவரை 1890-இல் திண்டிவனத்துக்கு அழைத்து வந்தது. சிறிது காலம் உடனிருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பதே அவர் எண்ணம். அங்கேதான் அந்த இரவு வந்தது.

இளம் பிராமணர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். பேறுகால வேதனையில் துடிக்கும் தன் மனைவியைக் காப்பாற்ற ஐடா வரவேண்டும் என்று கேட்டார். தான் மருத்துவம் அறியாதவள் என்றும், தந்தையை அழைத்து வருவதாகவும் ஐடா சொன்னார். அயல் ஆடவர் தன் மனைவியைத் தொட்டுப் பார்ப்பதைக் காட்டிலும் அவள் இறப்பதே மேல் எனக் கருதி அவர் திரும்பினார். பின்னர் ஓர் இஸ்லாமியர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக மற்றோர் உயர்சாதி இந்து வந்து, அவரும் அவ்வாறே திரும்பினார். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிருடன் இல்லை.

இந்நிகழ்ச்சி பலமுறை சொல்லப்பட்டதுதான். வேலூர் வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. ஆனால், நற்செய்தி வாசகத்தின் அருகில் வைத்துப் பார்த்தபோது, அதுவரை நான் கவனியாத ஒன்று புலப்பட்டது. மலைநாட்டுக்குச் சென்ற மரியாவின் கையில் எதுவும் இல்லை. அவள் சென்று நின்றதே அங்கே போதுமானதாக இருந்தது. திண்டிவனத்திலோ ஐடா சென்றிருந்தாலும் பயன் விளைந்திராது. அருகில் அமர்ந்து கைகளைப் பற்றிக்கொண்டிருக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்திருக்க முடியாது. அன்பு இருந்தும் அறிவு இல்லாவிட்டால் ஓர் உயிரைக் காக்க இயலாத இடங்கள் உலகில் உண்டு. மகப்பேற்று அறை அவற்றுள் ஒன்று.

அந்த மூன்று பேரின் மறுப்பைக் கேட்ட ஐடாவுக்கு இரண்டு வழிகள் இருந்தன. இம்மக்களின் வழக்கத்தைப் பழித்துவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறியிருக்கலாம். அன்றைய வெள்ளையர் பலர் அதைத்தான் செய்தனர். அவரோ, பெண் மருத்துவரைத்தான் ஏற்பார்கள் எனில் பெண் மருத்துவராகவே வருவது என்று முடிவு செய்தார். அவருடைய விரைவு ஆண்டுக்கணக்கில் நீண்ட விரைவு. 1895-இல் ஃபிலடெல்ஃபியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர், அப்போதுதான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கிய கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண்கள் அணியில் அவரும் ஒருவர்.

வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட அவர் நிதி தேடியபோது, ஷெல் என்னும் நியூயார்க் வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். அம்மையாரின் பெயர் மேரி டேபர் ஷெல். அவ்வாறு, மரியன்னைக்கு விழா எடுக்கும் மரபில்லாத சீர்திருத்தச் சபை ஒன்றின் மருத்துவமனை மேரியின் பெயரையே தாங்கி நின்றது. தற்செயலான ஒற்றுமைதான், எனினும் நினைக்க இனிமையானது.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் தந்தை புற்றுநோயால் இறந்தார். அனுபவம் மிக்க தந்தையின் அருகிலிருந்து கற்றுக்கொள்ளலாம் என்று வந்தவர் தனித்து விடப்பட்டார். வீட்டிலேயே ஓர் அறையில், ஒரே ஒரு படுக்கையுடன் மருத்துவம் தொடங்கியது. தொடக்கத்தில் நோயாளிகள் தயங்கினர். வீட்டுச் சமையற்காரரின் மனைவியே அவருக்குக் கிடைத்த முதல் உதவியாளர். ஆயினும் இரண்டே ஆண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகளுக்கு அவர் சிகிச்சை அளித்துவிட்டார். 1902-இல் நாற்பது படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவமனை கட்டியதோடு அவர் நின்றிருந்தால், அவரை ஒரு நல்ல மருத்துவர் என்ற அளவிலேயே நாம் நினைவில் வைத்திருப்போம். வாசல் திறந்திருந்தாலும் அதுவரை வந்து சேர இயலாதவர்கள் உண்டு என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். எனவே வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் தாமே புறப்பட்டார். முதலில் மாட்டுவண்டி, 1909 முதல் பிரான்சு நாட்டு பியூஜோ கார். அந்தக் காரைக் கண்டு பேய் என அஞ்சி ஓடியவர்களும் உண்டாம். மரத்தடிகளில் வண்டி நிற்கும். புண்களுக்கு மருந்திடுவதும், கண்களைக் கழுவுவதும், தொழுநோயாளருக்குச் சிகிச்சை அளிப்பதும் சாலையோரத்திலேயே நடக்கும். இன்று கிராமப்புற நடமாடும் மருத்துவம் என்று நாம் அழைப்பதன் முன்னோடி வடிவங்களில் அதுவும் ஒன்று.

அச்சாலையைப் பற்றி எனக்குக் குடும்ப நினைவொன்று உண்டு. எங்கள் பகுதியில் பாட்டியை ஆயா என்றே அழைப்போம். என் தந்தையைப் பெற்ற ஆயா, பள்ளிகொண்டாவுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது தன் தாயுடன் சாலையோரப் புளியமரத்தடியில் வெள்ளைக்கார டாக்டரம்மாவின் வண்டிக்காகக் காத்திருந்ததை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தாய்க்குக் கண்வலி. வண்டி வரும் ஓசை கேட்டதும் மக்கள் எழுந்து நிற்பார்களாம். மருந்தின் பெயரோ நோயின் பெயரோ ஆயாவுக்குத் தெரியாது. அந்த அம்மாள் தமிழில் பேசினார் என்பதும், அழுக்குப் புடவையைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை என்பதும் மட்டும் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நினைவிருந்தன. ஆயாவின் மூத்த அக்காள் தலைப்பிரசவத்தில் இறந்தவர். வண்டி வரும் நாள் அதற்கு மறுநாளாக இருந்தது. அதையும் ஆயா எந்தக் குறையும் சொல்லாமல்தான் சொல்வார்.

வண்டி வராத நாள்களில் என்ன செய்வது என்ற கேள்விதான் ஐடாவையும் உறுத்தியிருக்க வேண்டும். ஒரு பெண் எத்தனை மலைநாடுகளுக்கு விரைய முடியும்? செவிலியர் பயிற்சிப் பள்ளி 1909-இல் தொடங்கியது. அடுத்து, இந்தியப் பெண்களையே மருத்துவர்களாக்க முனைந்தார். மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்று ஐயுற்றவர்கள் இருந்தனர். 1918-இல் பள்ளி தொடங்கியபோது 151 பெண்கள் விண்ணப்பித்தனர். முதல் அணியில் படிப்பை நிறைவு செய்த பதினான்கு பேரும் 1922-இல் அரசுத் தேர்வில் வெற்றி பெற்றனர். அவர்கள் எடுத்துச் சென்ற தெதஸ்கோப்புகள், ஐடாவின் கார் எட்டாத ஊர்களுக்கெல்லாம் சென்றன.

1930-களின் இறுதியில் பெருஞ்சோதனை வந்தது. மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டமாகவே இருக்க வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. ஐடாவின் பள்ளி வழங்கியதோ உரிமப் படிப்பு. ஆசிரியர்கள், ஆய்வகங்கள், படுக்கைகள் அனைத்தையும் பெருக்கியாக வேண்டும். இல்லையேல் மூடியாக வேண்டும். எழுபது வயதில் அவர் மீண்டும் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1942-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு இசைவு கிடைத்தது. நிறுவனம் நிலைக்க வேண்டுமெனில் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற நிலையும் உருவானது. பெண்களுக்கென்றே பொருள் தந்த அமெரிக்கப் பெண்மணிகள் சிலர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். நெருங்கிய நட்புகள் முறிந்தன. ஐடா தயங்கினார், வருந்தினார், இறுதியில் ஏற்றார். பெண்களுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர், தாம் எழுப்பிய வாசலைத் தாமே அகலத் திறந்தார். அம்முடிவு சரியா என்று இன்றும் வாதிடலாம். தம் பெயரைவிடத் தம் பணி நீடிக்க வேண்டும் என அவர் எண்ணினார் என்பதை மறுக்க இயலாது.

1946-இல் பொறுப்புகளிலிருந்து விலகினார். அவருக்குப் பின் நிறுவனத்தின் தலைமைக்கு ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண் மருத்துவர் வந்தார். ஐடா 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில், தமது 89-ஆம் வயதில், கோடைக்கானல் மலையில் காலமானார்.

இங்கே ஒரு கேள்வியை ஒதுக்கிவிட்டுச் செல்வது நேர்மையாகாது. அயல்நாட்டு மிஷனரிகளின் தொண்டில் மதம் பரப்பும் நோக்கமும் கலந்திருந்தது என்பது வரலாறு. ஐடாவும் தம் சமயத்தை மறைத்தவர் அல்லர். ஆனால், அவரை வேலூருக்கு அழைத்து வந்தது அந்த இரவில் ஒரு பிராமணரும் ஓர் இஸ்லாமியரும் மற்றோர் இந்துவும் தட்டிய கதவே. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ஆம்பூர் என்று நீளும் எங்கள் தோல் தொழில் ஊர்களில், திரைக்குப் பின்னால் வாழ்ந்த இஸ்லாமியப் பெண்களுக்கும், தோல் மண்டிகளில் உழைத்த தலித் பெண்களுக்கும் ஒரே வரிசையில் மருத்துவம் கிடைத்தது. மரியாவும் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியவர் அல்லர். திருக்குர்ஆனில் மர்யம் என்னும் பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு.

ஐடாவின் காலம் முடிந்துவிட்டது. கதவு தட்டும் ஓசை முடியவில்லை. பேறுகால மரணங்களைக் குறைப்பதில் தமிழ்நாடு பெரும் முன்னேற்றம் கண்டிருக்கிறது. 2018-20 காலகட்டத்துக்கான கணக்கின்படி, ஒரு இலட்சம் பேறுகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது, தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 54. பெருமைப்படத்தக்க வேறுபாடுதான். அந்த 54 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பதும் நம் கடமை.

2023 மே மாதத்தில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தின் அல்லேரி மலைப்பகுதியில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்சு பாதி வழியில் நின்றுவிட, குழந்தையின் உடலைப் பெற்ற தாய் கைகளில் ஏந்திப் பல கிலோமீட்டர் மலையேறி நடந்தார். உலகின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் நாடி வரும் வேலூர் நகரத்தின் மாவட்டத்தில்தான் அது நடந்தது. கீழே மருத்துவம் இருக்கிறது. மேலே மக்கள் இருக்கிறார்கள். இடையே இருக்கும் மலைநாட்டுக்கு விரைபவர் யார் என்பதே கேள்வி. சாலை அமைப்பதற்கு வனத்துறை இசைவும் அரசாணையும் தேவைதான். மூன்று கதவு தட்டல்களைக் கேட்ட ஓர் இளம்பெண் அதற்காகவே ஒரு வாழ்நாளைத் திருப்பிக்கொண்டாள் எனில், ஓர் அரசு தன் கோப்புகளைச் சற்று விரைவாகத் திருப்பலாகாதா?

மலையில் மட்டுமன்று, சமவெளியிலும் தட்டல் கேட்கிறது. காலணித் தொழிற்சாலைகளின் பேருந்துகள் விடியற்காலையில் எங்கள் தெருக்களில் நின்று பெண்களை ஏற்றிச் செல்கின்றன. அவர்களில் கர்ப்பிணிகளும் உண்டு. அரைநாள் ஊதியத்தை இழந்து மருத்துவரைப் பார்ப்பதா, அடுத்த வாரம் பார்த்துக்கொள்வதா என்று கணக்கிடும் பெண்ணின் வீட்டு வாசல், திண்டிவனத்து வாசலிலிருந்து அவ்வளவு தொலைவில் இல்லை. அங்கே வழக்கம் தடுத்தது. இங்கே கூலி தடுக்கிறது.

அன்று ஆலயத்திலிருந்து வெளியே வந்தபோது நண்பரிடம் ஓர் ஐயத்தைக் கேட்டேன். எலிசபெத்துக்கு ஆறாம் மாதத்தில் மரியா வந்தாள். மூன்று மாதங்கள் தங்கினாள். ஆக ஒன்பது மாதங்கள் ஆகிவிட்டன. குழந்தை பிறக்கும்போது மரியா உடனிருந்தாளா, அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டாளா? லூக்கா அதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்றும், விளக்கவுரையாளர்கள் இருவகையாகவும் கருதுகிறார்கள் என்றும் நண்பர் சொன்னார். அருகில் நடந்து வந்த அவருடைய மனைவி, பேறுகாலம் நெருங்கும் நேரத்தில் எந்தப் பெண்ணாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவாளா என்று எங்கள் இருவரையும் கேட்டுவிட்டு, மருமகளின் கையைப் பிடித்து மெல்லப் படியிறக்கினார்.

அந்த மருமகளுக்கு இரண்டு வாரங்களில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்தவர் வாணியம்பாடியைச் சேர்ந்த இளம் பெண் மருத்துவர். நள்ளிரவில் அழைத்ததும் வந்துவிட்டார் என்று நண்பர் தொலைபேசியில் சொன்னபோது, ஆயாவின் மூத்த அக்காளை நினைத்துக்கொண்டேன். அவருடைய பெயரைக்கூட எங்கள் வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை.